தூதரும் சான்றும்

வடதமிழகத்தில் ஓங்கி நிற்பது சவ்வாது மலைத்தொடர். அதற்குத் தென்மேற்கே அதியமான் ஆண்ட தகடூர். அஃது இன்று தருமபுரி எனப்படும். வடகிழக்கே தொண்டைமான் ஆண்ட காஞ்சி. இவ்விரு வேந்தரிடையே பகை முதிர்ந்தபோது, அதியமானுக்காகத் தூது சென்றவர் ஔவையார். தன் படைக்கலங்களைப் பெருமிதத்தோடு தொண்டைமான் காட்ட, அவற்றைப் புகழ்வார்போலப் போரறியாதவை என உணர்த்தினார் அம்மூதாட்டியார். புறநானூற்றின் 95ஆம் பாடல் இச்செய்தியைக் கூறும். அயலான் அவையிலும் அவர் உரைத்தது தம் அரசனுக்கு ஆவதையே. திருக்குறளின் 69ஆம் அதிகாரம் தூதின் இலக்கணத்தை விரித்துரைக்கும்.

இன்று மன்னர் அவை மறைந்து, மக்கள் மன்றம் மலர்ந்துள்ளது. அம்மன்றத்தின் குழுவொன்று அயல்நாட்டுத் தூதரைச் சான்று கூற அழைப்பின், அவர் யாது செய்வார்?

1961ஆம் ஆண்டு வியன்னா நகரில் உருவான உடன்படிக்கை இதற்கு வழி காட்டுகிறது. தூதர் சான்று கூறும் கடப்பாடு உடையவரல்லர் என்பது அதன் 31ஆம் பிரிவு. தங்கியுள்ள நாட்டின் உள்விவகாரங்களில் அவர் தலையிடலாகாது என்பது 41ஆம் பிரிவு. இந்தியா 1965இல் இவ்வுடன்படிக்கையை ஏற்றது. 1972இல் அதற்கெனச் சட்டமும் இயற்றிற்று. ஆதலின், அழைப்புப் பெற்ற தூதர் தாமே முடிவு செய்யார். தம் அரசுக்கு அறிவிப்பார். அரசு இசையாதாயின், பணிவோடு மறுப்பார். இசையுமாயின், கடிதம் விடுப்பார்; உறுப்பினரைத் தனியே சந்தித்து விளக்குவதும் உண்டு.

மறுப்பினால் கேடு விளைவதில்லையா? 1856இல் வாசிங்டன் நகர விடுதியொன்றில், அமெரிக்கக் காங்கிரசு உறுப்பினர் எர்பர்ட்டு என்பார் பணியாள் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். டச்சுத் தூதர் துபுவா அதனை நேரிற் கண்டார். ஆயினும் அவர் நீதிமன்றம் ஏற மறுத்தார். அவர் அரசும் அம்மறுப்பை ஆதரித்தது. வெளியுறவு அமைச்சர் முன்னிலையில் ஆணையிட்டு எழுத்துமூலம் சான்று தரலாம் என்றே கூறிற்று. குறுக்கு விசாரணைக்கு உட்படாத சான்று செல்லாது என்றார் அரசு வழக்கறிஞர். கண்டவர் வாய் திறவாமலே வழக்கு முடிந்தது. எர்பர்ட்டு விடுதலை பெற்றார். ஏழையின் உயிருக்கு முழுச் சான்று கிட்டவில்லை.

1881இல் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டதை வெனிசுவேலா நாட்டுத் தூதர் கமாச்சோ கண்டார். அவர் தம் அரசின் இசைவு பெற்று, மன்றம் ஏறிக் கண்டதைக் கண்டவாறே கூறினார்.

இருவருக்கும் உரிமை ஒன்றே, பயன் வேறு. வாய்மூடி நிற்கும் உரிமை தூதருடையதன்று; அவரை விடுத்த நாட்டினுடையது. நாட்டின் மறையைக் காப்பதற்கு அது வேண்டும். அயலவன் ஒருவனது உயிருக்குரிய நீதியை மறைப்பதற்கு அது திரையாதல் கூடாது. மறுக்கும் உரிமை உடைய நாடே, அதனை விட்டுக்கொடுக்கும் காலமும் அறிதல் வேண்டும். அதுவே சான்றாண்மை.