மூணு வயசுப் பிள்ளைக்கு என்ன திட்டம் எழுதறது, டீச்சர்?

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பக்கத்து ஒன்றியத்திலிருந்து ஓர் அங்கன்வாடி டீச்சர் போன் செய்தார். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பெண். "டீச்சர், மூணு வயசுப் பையன் ஒருத்தன் வந்திருக்கான். உட்கார வச்சா சாஞ்சிடுறான். பேச்சு வரல. அவங்க அம்மா தினமும் வந்து வாசல்லயே நிக்கிறாங்க. படிவமெல்லாம் எழுதிட்டேன். 'திட்டம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன எழுதறது?" என்று கேட்டார்.

போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் ஒன்றும் நிபுணர் இல்லை. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்த இடைநிலை ஆசிரியை. எங்கள் காலத்தில் உளவியல் பாடத்தில் இந்தக் குழந்தைகளைப் பற்றிச் சில பக்கங்கள் வரும். ஐந்து மதிப்பெண் கேள்வி. எழுதிவிட்டு மறந்துவிட்டோம்.

மறந்ததற்கான கூலியை ஒரு பையன் கொடுத்தான். 1991ல் என் ஒன்றாம் வகுப்பில் இருந்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், சொன்னதைச் செய்ய மாட்டான். திமிர் என்று நினைத்தேன். எத்தனையோ நாள் அவன் காதைத் திருகியிருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஊரில் நடந்த மருத்துவ முகாமில்தான் தெரிந்தது, அந்தக் காது கேட்கவே இல்லை என்று. அதற்குள் எட்டு வயது. பேச்சு பிடிபடும் வயது தாண்டிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். இப்போது கொத்தனார். வழியில் பார்த்தால் சைக்கிளை நிறுத்திக் கும்பிடுகிறான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

இன்றைக்கு அதே குறை உள்ள குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். ஆனால் ஆறு வயதுக்குள் போயிருக்க வேண்டும். அந்த ஆறு வயதுக்குள் குழந்தையைத் தினமும் பார்க்கிற அரசு ஆள் யார்? அங்கன்வாடி டீச்சர் ஒருவர்தான். அதனால்தான் அந்தப் பெண்ணின் கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

சட்டத்தைப் பாருங்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வரை பேசுகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. இலவசக் கல்விக்கு அதிலும் ஆறிலிருந்து பதினெட்டு என்றுதான் கணக்கு. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2013லிருந்து மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இருமுறை வந்து பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்டத்தில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருக்கிறார். அட்டைக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இருக்கிறது. 2023 நவம்பரில் இந்தக் குழந்தைகளுக்காக அங்கன்வாடிகளுக்கென்றே ஒரு வழிகாட்டி நெறிமுறையும் மத்திய அரசு வெளியிட்டது. ஆக, பிள்ளையின் பெயர் நாலு துறை நோட்டிலும் ஏறிவிடும். நாலு பேரும் ஒருநாள்கூட ஒன்றாக உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு நடுவே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைவது அம்மா.

இதை நான் தெரிந்துகொண்டது 2019ல். அந்த ஜனவரியில் 2381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கி, எங்களைப் போன்ற இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள் அல்லவா? சங்கங்கள் எதிர்த்தன. நானும் முணுமுணுத்தேன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு பால்வாடிக்குப் போவதா என்று வீட்டில் புலம்பினேன். (என் கணவர், "உனக்குச் சின்னப் பிள்ளைங்கதானே பிடிக்கும்" என்றார். அதற்கும் கோபம் வந்தது.)

ஜூனில் ஓர் அம்மா மூன்றரை வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெயர் வேண்டாம், பாப்பா என்றே சொல்கிறேன். மூளை முடக்குவாதம். கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். பிடிக்காவிட்டால் சரிந்துவிடும். எச்சில் வழியும். ஆனால் கண் இருக்கிறதே, அது அறை முழுக்கச் சுற்றி வந்தது. அதற்கு முன் வேறோர் இடத்தில் "சத்துமாவு பாக்கெட் மட்டும் வாங்கிட்டுப் போயிடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த அம்மாவின் பையில் ஒரு திட்டம் ஏற்கெனவே இருந்தது. நல்ல ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. வாரம் மூன்று நாள் தெரபி, ஒரு வருடத்தில் பிடித்துக்கொண்டு நடப்பது இலக்கு. எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஊரிலிருந்து அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். போனால் நூறு நாள் வேலைக் கூலி போச்சு. அந்த அம்மா பதினொரு முறை போயிருக்கிறார். பிறகு நிறுத்திவிட்டார். நோட்டில் 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதியிருந்தது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். நல்லவேளை, அது ஆங்கிலத்தில் இருந்தது.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். வட்டார வள மையச் சிறப்பாசிரியர், பிசியோதெரபி பார்க்கும் பெண், அங்கன்வாடி டீச்சர், ஆயா, அம்மா, பாட்டி, நான். நாங்கள் பேசினோம், பேசினோம், அரை மணி நேரம். சிறப்பாசிரியர்தான் அம்மா பக்கம் திரும்பி, "உங்களுக்கு முதல்ல என்ன ஆகணும்?" என்று கேட்டார்.

"அவ பாட்டுக்கு உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டா போதுங்க. நான் உலையாவது வச்சிருவேன்."

பிசியோ பெண் உடனே பிடித்துக்கொண்டார். அதுதான் சரியான இடம் என்றார். உடம்பு நிலையாக உட்கார்ந்தால் கை ஊன்றுவதற்குப் போகாது, விளையாடப் போகும். தலை நின்றால்தான் விழுங்குவதும் பேச்சும் சீராகும். நாங்கள் படிப்பு, பேச்சு, நடை என்று தனித்தனியாகப் பிரித்ததெல்லாம் ஒரு சோற்றுத் தட்டில் சேர்ந்தே இருந்தது.

பழைய பள்ளி பெஞ்சை உடைத்து ஊர் ஆசாரி மூலை நாற்காலி செய்து கொடுத்தார். சுவர் மூலை மாதிரி இரண்டு பக்கமும் அணைப்பு, முன்னால் ஒரு பலகை, பாதம் தரையில் பதியும் உயரம். கூலி வாங்கவில்லை, டீ மட்டும். கரண்டிப் பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினோம். பிளாஸ்டிக் டம்ளரில் மூக்கு இடிக்காமல் இருக்க ஒரு பக்கம் பிறை மாதிரி வெட்டினோம். இது முக்கியம். நம் ஊரில் அண்ணாந்து ஊற்றுவதுதான் வழக்கம். இந்தப் பிள்ளைகளுக்கு அண்ணாந்தால் புரையேறும். மோவாய் லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும், உணவு முன்னாலிருந்து வர வேண்டும். படுக்க வைத்து ஊட்டவே கூடாது. பாட்டி பிள்ளையை இரண்டு காலும் இரண்டு பக்கம் வரும்படி இடுப்பில் வைத்திருந்ததைப் பார்த்து, "இதுதான் பாட்டி நல்ல வைத்தியம், பின்ற கால் பிரியும்" என்றார் பிசியோ பெண். பாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

சிறப்பாசிரியரிடம் போர்டேஜ் என்றொரு கையேடு இருந்தது. 1969ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் போர்டேஜ் என்னும் ஊரில் தொடங்கிய முறை. அங்கும் கிராமப்புறம், பிள்ளைகளை ஓரிடத்துக்கு வரவழைப்பது கஷ்டம். அதனால் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் முடிகிற அளவுக்குச் சின்னதாக ஒன்றோ இரண்டோ வேலை, அவ்வளவுதான். நம் ஆய்க்குடியில் 1981ல் ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்களும் வீடு தேடித்தான் போகிறார்கள். எங்கள் தாளிலும் 'நடப்பாள்' என்று எழுதவில்லை. 'இந்த வாரம்: நாற்காலியில் ஐந்து நிமிடம், சத்துமாவு உருண்டையை எடுத்து வாயில் வைப்பது' என்றுதான் எழுதினோம்.

இரண்டாவது வாரமே திட்டம் கவிழ்ந்தது. பாப்பா பாவாடையை நனைத்துக்கொண்டாள். ஆயா சத்தம் போட்டார். எனக்கும் சுருக்கென்று வந்தது. மறுநாளிலிருந்து பாப்பா வரவில்லை. மூன்றாம் நாள் ஆயாவிடம் தனியாகக் கேட்டேன். "மாட்டேன்னு சொல்லல டீச்சர். இருபத்தேழு பிள்ளைக்கு ஆக்கிப் போடறேன். எனக்கு இடுப்பு வலி. தூக்க முடியல" என்று அழுதுவிட்டார். ஏழு பேர் உட்கார்ந்து எழுதிய திட்டத்தில் சிறுநீர் என்ற ஒரு வார்த்தை இல்லை. யார் தூக்குவது என்பதும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்ப உட்கார்ந்தோம். எந்தெந்த நேரம் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பத்தரைக்கும் பன்னிரண்டரைக்கும் இரண்டு பேராகத் தூக்குவது, ஒருத்தி நான். அதே ஆசாரி பழைய பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். மாற்று உடை இரண்டு செட் அலமாரியில். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஆள் பெயர் எழுதினோம். அதற்குப் பிறகு பாப்பா ஒருநாள்கூட அதற்காக வீட்டில் நிற்கவில்லை.

தீபாவளிக்கு முன் இருபது நிமிடம் உட்கார்ந்தாள். முட்டை போடும் நாளில் தானே எடுத்துச் சாப்பிட்டாள், பாதி தரைக்குப் போகும். பேச்சு வர நேரமாகும், அதனால் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள் என்று சிறப்பாசிரியர் சொல்லியிருந்தார். ஆசிரியர்களுக்கு உலகத்திலேயே கடினமான பயிற்சி அதுதான். நான் ஆறு எண்ணுவதற்குள் பக்கத்துப் பிள்ளையிடம் போய்விடுவேன். ஒருநாள் பத்து எண்ணி முடித்தேன். படத்தில் இருந்தது என்ன என்று கேட்டிருந்தேன். ஒன்பதாவது எண்ணில் "ஆ...டு" என்றாள்.

2020 மார்ச்சில் எல்லாம் பூட்டியாயிற்று. மூலை நாற்காலி உள்ளே மாட்டிக்கொண்டது. சாவி வாங்கி எடுத்து வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அம்மா அரிசி மூட்டை இரண்டை மூலையில் சாய்த்து அதற்கு நடுவே உட்கார வைத்திருந்தார், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். அங்கன்வாடிகள் ஒன்றரை வருடம் கழித்து 2021 செப்டம்பரில்தான் திறந்தன. நானும் அந்த வருடம் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த ஒன்றரை வருடம் பாப்பாவைத் தாங்கியது அம்மா கையில் போய்ச் சேர்ந்திருந்த பயிற்சி மட்டும்தான். தெரபி மையத்திலேயே எல்லாம் நடந்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

பாப்பா இப்போது ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நான்காம் வகுப்பு. சக்கர நாற்காலிதான். நடக்கவில்லை, நடப்பாள் என்று யாரும் சொல்லவும் இல்லை. நன்றாக வாசிக்கிறாள், கணக்கில் சண்டை போடுகிறாள்.

ஆக, போன் செய்த பெண்ணுக்கு நான் சொன்னது: கட்டத்தை நிரப்ப அவசரப்படாதே. முதலில் அந்தப் பையனின் ஒருநாளை அவன் அம்மாவிடம் கேட்டு எழுது. எப்போது எழுகிறான், யார் ஊட்டுவது, எதற்கு அழுவான், எதைப் பார்த்தால் சிரிப்பான். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று மருத்துவக் குழுவிடம் கட்டாயம் பார்த்து வாங்கு; பேச்சு வராத பிள்ளைக்கு அதுதான் முதல் வேலை. சிறப்பாசிரியர் வரும் கிழமை எது என்று கேட்டு, அந்தக் கிழமையில் அம்மாவையும் உன் ஆயாவையும் உட்கார வை. ஆயாவை மறந்துவிடாதே.

வரும் வியாழக்கிழமை உட்காருகிறார்கள். நானும் போகிறேன், பாய் அவர்களிடம் இருக்கிறது. ஆசாரி போன வருடம் காலமாகிவிட்டார். யார் வீட்டிலாவது பிள்ளை வளர்ந்து சும்மா கிடக்கும் மூலை நாற்காலி இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன். மூன்று வயதுப் பையன், கொஞ்சம் ஒல்லி.