படகு காக்கும் அமைதி

ஜூஹுவில் ஞாயிறு மாலை கடலைப் பார்க்க வேண்டுமானால் முதலில் பேல்பூரிக் கடைகளைத் தாண்டியாக வேண்டும். அமைதியான கடற்கரைக்கு கோவாதான் என்று நினைக்கும் மாட்டுங்கா, செம்பூர் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு நல்ல செய்தி: பக்கத்திலேயே இருக்கிறது மனோரி.

மாட்டுங்கா ரோட்டில் ஸ்லோ லோக்கல் ஏறி மலாட். அங்கிருந்து பஸ்ஸில் மார்வே. பிறகு படகு, சில நிமிடங்களில் அக்கரை. ஸ்கூட்டரும் படகில் ஏறிவிடும். கார் என்றால் பயந்தர் வழியாக ஊரைச் சுற்ற வேண்டும். கூட்டம் வராததற்கு இதுவே காரணம்.

கரையோரம் தென்னை. மூங்கில் கழிகளில் பொம்பில் மீன் காய்கிறது. கோலி மீனவர்களும் ஈஸ்ட் இந்தியன் கிறிஸ்தவர்களும் வாழும் கிராமம். கடல் உள்வாங்கும் நேரத்தில் குழந்தைகள் ஈர மணலில் வெகுதூரம் ஓடலாம். மழைக் காலத்தில் மட்டும் தண்ணீரில் இறங்காமலிருப்பது நல்லது.

இந்த நிம்மதி நீடிக்குமா? தினமும் 20 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை இங்கு அமைக்க மாநகராட்சி திட்டமிட்டிருக்கிறது. வலை வீசும் இடம் பாழாகும் என்பது மீனவர்களின் கவலை. மார்வேயிலிருந்து பாலம் கட்டும் திட்டமும் உண்டு. பாலம் வந்தால் கூட்டமும் வரும். ஆனால் நள்ளிரவில் நோயாளியுடன் துறையில் நிற்பவருக்கு, அக்கரை தூரம்தான்.