என்னைப் பார், யோகம் வரும்

கோவில்பட்டியில் அப்பா படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீட்டில் போட்டுவிட்டுக் கடைக்குத்தான் ஓடுவேன். மரத்தூளும் வார்னிஷும் கலந்த வாசனை தெருமுனையிலேயே வந்துவிடும். சிவகாசியிலிருந்து படங்கள் சுருள் சுருளாக வரும். சுருளைப் பிரித்து, வளைவு போக மறுபக்கமாக ஒருமுறை சுருட்டி, மேசையில் விரித்து நான்கு மூலையிலும் கனம் வைப்பது என் வேலை. முருகன், சமயபுரத்து மாரியம்மன், வேளாங்கண்ணி மாதா, மெக்கா, காமராஜர் எல்லாம் ஒரே கட்டில் வரும். அந்தக் கட்டின் அடியில் கழுதையும் இருக்கும்.

கழுதை என்றால் முகம்தான். காதுகளை நிமிர்த்திக்கொண்டு நேராக நம்மைப் பார்க்கும். கீழே பெரிய எழுத்தில், 'என்னைப் பார் யோகம் வரும்' என்று அச்சிட்டிருக்கும். படம் எடுத்தவர் பெயரோ வாசகம் எழுதியவர் பெயரோ அதில் இருக்காது. ஒரு மிருகத்தின் முகம், ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் சாமி படங்களுக்கு அடுத்து எங்கள் கடையில் அதிகம் போனது அதுதான்.

புதிதாகக் கடை திறக்கிறவர்கள் கட்டாயம் வாங்குவார்கள். "அண்ணாச்சி, அந்தக் கழுதைப் படம் ஒண்ணு போட்டுக் குடுங்க. வெள்ளிக்கிழம கட தொறக்கேன்" என்பார்கள். அப்பா, "பெருசா, சிறுசா?" என்று மட்டும் கேட்பார். கண்ணாடியின் மேல் வைரத்தை ஒரே இழுப்பாக இழுத்து, மேசை விளிம்பில் வைத்து மெல்லத் தட்டுவார். கோட்டோடு கண்ணாடி பிரிந்து வரும். முனைகளைச் சாய்வாக அறுத்த சட்டங்களைச் சேர்த்துச் சின்ன ஆணி அடித்து, பின்பக்கம் அட்டை வைத்து மூடி, கொக்கி மாட்டித் தருவார். முருகனுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாரோ, கழுதைக்கும் அவ்வளவு நேரம். அவசரப்பட மாட்டார்.

அந்தப் படங்கள் போய்ச் சேர்ந்த இடமெல்லாம் எனக்குத் தெரியும். முடிவெட்டும் கடையில் கண்ணாடிக்கு மேலே, டீக்கடையில் பாய்லருக்குப் பின்னால், மளிகைக் கடையில் கல்லாவுக்கு எதிர்ச் சுவரில். நல்லெண்ணெய் வாங்கப் போனாலும் கழுதை பார்க்கும், முடி வெட்ட உட்கார்ந்தாலும் கழுதை பார்க்கும். ஊர் முழுக்க அதே முகம், அதே வரி.

ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். "ஏம்ப்பா, கழுதையப் பாத்தா எப்படி யோகம் வரும்?" சட்டத்துக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "அது நாள் பூரா பொதி சுமக்குது. யாரையும் ஏமாத்துறதில்ல. அப்படி ஒரு முகத்துல முழிச்சா நல்லதுதான நடக்கும்?"

நிஜக் கழுதைகளும் அப்போது ஊரில் நிறைய இருந்தன. கண்மாய்க் கரையில் வெள்ளாவி வைக்கும் தாத்தாவிடம் இரண்டு மூன்று உண்டு. விடிகாலையில் அழுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் வெளுத்த துணியோடு திரும்பும். மேய விடும்போது தூரமாகப் போய்விடாமல் இருக்க முன்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துத் தளை போட்டிருப்பார். அவை தத்தித் தத்தி வந்து, எங்கள் கடைக்கு எதிர்ச் சுவரில் பசை காயாத சினிமாப் போஸ்டர்களைக் கிழித்துத் தின்னும். அந்தத் தாத்தா ஒருமுறை கடைவாசலில் நின்று, மாட்டியிருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார். "நம்ம ஆளு கண்ணாடிக்குள்ள போயி உக்காந்துட்டானே" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பெருமை இருந்தது.

அம்மா வெளியே கிளம்பும்போது எங்காவது கழுதை கத்தினால் முகம் மலர்ந்துவிடும். "நல்ல சகுனம், போயிட்டு வந்துருவோம்" என்பாள். சில காலைகளில் தெருவில், "கழுதப்பா...ல்" என்று நீளமான குரல் கேட்கும். குட்டியோடு கழுதையை ஓட்டிக்கொண்டு வருவார்கள். கைக்குழந்தைக்குச் சளி பிடிக்காது, குரல் திறக்கும் என்று நம்பிக்கை. தம்பி பிறந்தபோது ஆச்சி வாசலிலேயே கறக்கச் சொல்லி, ஒரு சங்குப் பாலை வாங்கி அவனுக்குப் புகட்டினாள். நான் கழுதையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். முடி முரடாக இருந்தது, உள்ளே சூடு இருந்தது. கண் மட்டும் அப்படியே எங்கள் கடைப் படத்தில் இருக்கிற கண்.

மேல்நிலைப் பள்ளியில் படிக்கும்போது ஊரில் பிரவுசிங் சென்டர் வந்தது. அங்கேதான் முதன்முதலாக அந்தச் சாம்பல் நிறப் பூனையைப் பார்த்தேன். உருண்டை முகத்தைத் தூக்கி, வாய் திறந்து, தனக்குச் சீஸ்பர்கர் கிடைக்குமா என்று மழலை ஆங்கிலத்தில் கேட்கும். 2007 ஜனவரியில் ஹவாயில் எரிக் நாககாவா, காரி உனெபசாமி என்ற இருவர் அந்தப் படத்தை வைத்து ஓர் இணையதளம் தொடங்கினார்கள். பார்க்க வந்தவர்கள் தங்கள் வீட்டுப் பூனைகளுக்கும் வரி எழுதி அனுப்ப, அந்த வருடமே தளம் 20 லட்சம் டாலருக்குக் கைமாறியது. எனக்கோ திரையில் பார்த்ததும் அப்பாவின் கடைதான் நினைவுக்கு வந்தது. இதே முறைதானே! பின்னர் படித்தபோது தெரிந்தது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஹாரி பாயின்டர் என்ற புகைப்படக்காரர் 1870களிலேயே பூனைகளைப் படமெடுத்து, கீழே வாழ்த்து வரிகள் சேர்த்துச் சின்ன அட்டைகளாக விற்றிருக்கிறார். மிருகத்தின் முகத்தைப் பார்த்தால் அதன் வாயில் ஒரு சொல்லை வைக்க மனிதனுக்குத் தோன்றிவிடுகிறது. தன் ஆசையை, பயத்தை, சோம்பலைத் தானே சொல்லக் கூச்சம். பூனை சொன்னால் எல்லாரும் சிரித்து ஏற்றுக்கொள்கிறார்கள்.

2013இல் உலகம் முழுக்கப் பரவிய நாய்ப் படம் இன்னும் நெருக்கமாக வந்தது. சோபாவில் முன்னங்கால்களைக் குறுக்கே போட்டுக்கொண்டு, புருவம் உயர்த்திக் கடைக்கண்ணால் பார்க்கும் ஷிபா இனு நாய். அதைச் சுற்றிலும் கலர் கலராக, இலக்கணம் உடைந்த குட்டிக் குட்டி ஆங்கிலச் சொற்கள், கூடவே ஒரு 'வாவ்'. 'டோஜ்' என்று அதை அழைத்தார்கள். நான் அந்த நாய் யாரென்று தேடிப் போனேன். அதன் பெயர் கபோசு. ஜப்பானில் சிபா மாநிலத்துச் சகுரா நகரில், அட்சுகோ சாடோ என்ற மழலையர் பள்ளி ஆசிரியையின் வீட்டில் இருந்தது. குட்டிகளை விற்பதற்கென்றே நாய்களை அடைத்து வளர்த்த ஒரு பண்ணை மூடப்பட்டபோது கைவிடப்பட்ட நாய் அது. 2008இல் சாடோ எடுத்து வளர்த்தார். அப்படிப்பட்ட பண்ணைகளின் கொடுமையைச் சொல்லவும்தான் அவர் இணையத்தில் எழுதத் தொடங்கினார். 2010 பிப்ரவரியில் அவர் பதிவிட்ட படங்களில் ஒன்றுதான் உலகம் சுற்றியது.

2013 டிசம்பரில் அந்த முகத்தோடு 'டோஜ்காயின்' என்ற மின்பணம் வந்தது. அதை விரும்பியவர்கள் ஒன்றுகூடி, 2014 குளிர்கால ஒலிம்பிக்கிற்கு ஜமைக்காவின் பனிச்சறுக்கு வண்டி அணி போகப் பணம் திரட்டினார்கள். 2021இல் கபோசுவின் மூலப் படம் மின்னணுச் சொத்தாக ஏலம் போனபோது விலை சுமார் 40 லட்சம் டாலர். 2023 நவம்பரில் சகுராவில் அதற்குச் சிலை வைத்தார்கள். 2024 மே 24 அன்று கபோசு இறந்தது. ஒருவர் வீட்டில் நிம்மதியாக உறங்க முடிந்தது என்பதுதான் அந்த நாய்க்குக் கிடைத்த உண்மையான யோகம் என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் படத்துக்குக் கிடைத்தது.

எங்கள் கழுதையும் இப்போது போனுக்குள் வந்துவிட்டது. புத்தாண்டு, தேர்வு முடிவு, லாட்டரிக் கனவு, சம்பள நாள் என்று எதற்கும் யாராவது அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போடுகிறார்கள். அப்பாவிடம் ஒருநாள் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தவர், "படம் கூடிட்டே போகுது. கழுத எங்கடா?" என்று கேட்டார்.

கணக்கு அவர் கேள்வியை உறுதிசெய்கிறது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன. 2019இல் அது சுமார் 1.2 லட்சம். ஏழே வருடத்தில் பாதிக்கும் மேல் போய்விட்டது. பொதி சுமக்கச் சின்ன வேன் வந்தது, வீட்டுக்கு வீடு துவைக்கும் இயந்திரம் வந்தது. வேலை போனதும் கழுதைக்குத் தீனி போடுவார் இல்லை. இன்னொரு பக்கம், சீனத்தில் 'எஜியாவோ' என்னும் மருந்துக்குக் கழுதைத் தோலைக் காய்ச்சிப் பசை எடுக்கிறார்கள். அதற்காக உலகின் பல நாடுகளில் கழுதைகள் கொல்லப்படுகின்றன.

அந்தப் படத்தை அனுப்ப வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் உலை கொதித்ததே அதனால்தான். ஆனால் அனுப்புகிற கையால் இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் ஊரில் செங்கல் சூளையிலோ ஆற்றங்கரையிலோ இன்னும் கழுதை இருந்தால், வெயில் காலத்தில் ஒரு தொட்டித் தண்ணீர் வையுங்கள். முதுகில் புண்ணோடு பொதி சுமக்கும் கழுதையைக் கண்டால், அதை வைத்துப் பிழைப்பவரைத் திட்டாமல், அவரோடு சேர்ந்து அரசுக் கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிப் போங்கள். பார்த்தவர்களுக்கெல்லாம் யோகம் தருவதாக அந்த முகத்தின் கீழே நாம்தான் எழுதினோம். பதிலுக்கு அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதும் நாம்தான்.