வெறும் பாத்திரம்



ஒரு மாதமாக இந்தப் பக்கம் நான் எதுவும் எழுதவில்லை. "சார், உடம்பு நல்லா இருக்கா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நன்றாக இருக்கிறேன். அமெரிக்காவில் அட்லாண்டா பக்கம் மகன் வீட்டில் இருக்கிறேன். இன்று ஒரு சமையல் விஷயம் எழுதப் போகிறேன். சிரிக்காமல் படியுங்கள். காபி போடக்கூடத் தெரியாத உங்கள் சார், 66 வயதில் அடுப்படிக்குள் நுழைந்த கதை இது.

உங்கள் அக்கா போன ஆவணியில் தவறியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். சாயங்கால வகுப்புக்கு வீட்டுக்கு வந்த பிள்ளைகளுக்கு அவள் அக்கா. சொந்தக்காரர்களுக்கு மதினி, சித்தி, அத்தை. தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் இங்கே அழைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

வந்த இரண்டாவது வாரம் எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். எழுபத்தைந்துக்கு மேல் வயது. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நம் சத்துணவு ஆயா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு கண்ணாடிப் பாத்திரம், சூடாக இருந்தது. "உங்கள் மனைவி இறந்ததை இப்போதுதான் கேள்விப்பட்டேன்" என்றார். பாத்திரத்தைக் கொடுத்தார், என் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டார், போய்விட்டார்.

துக்க வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார் சோறு கொண்டு வருவார்கள் என்பது நம் பக்கத்து வழக்கம். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அதே வழக்கம்தானாம். மருமகள் சொன்னாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பாத்திரத்தில் இருந்தது பீச் காப்ளர். மேலே பொன்னிறமாக, கேக்குக்கும் பணியாரத்துக்கும் நடுவில் ஒரு மேல்தோல். உள்ளே பாகில் ஊறிய பீச் பழத் துண்டுகள். பேரன் பாதியைக் காலி செய்தான். நானும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பல மாதத்துக்குப் பிறகு நாக்கில் ருசி தெரிந்தது அன்றைக்குத்தான்.

பாத்திரத்தைக் கழுவி வைத்ததும் பிரச்சினை ஆரம்பித்தது. மருமகள் அதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினாள். நான் தடுத்தேன். உங்கள் அக்கா 38 வருஷத்தில் ஒரு நாள்கூட அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பியதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பாள். "அப்போ கடலைமிட்டாய் போட்டுக் கொடுப்போம் மாமா" என்றாள் மருமகள். கோவில்பட்டியிலிருந்து கொண்டுவந்தது இரண்டு பாக்கெட் மிச்சம் இருந்தது. அது கடையில் வாங்கியதுதானே? கையால் செய்ததற்குக் கையால் செய்த ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். "சரி, என்ன செய்வீங்க மாமா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் நானே எதிர்வீட்டுக்குப் போய், அதைச் செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். ஐந்தே வரி.

எனக்கு ஒரு சந்தேகம். ஜார்ஜியாவுக்குப் பெயரே பீச் மாநிலம். வண்டி நம்பர் பலகையில்கூடப் பீச் படம். அங்கே இருந்துகொண்டு டின் பழமா? கேட்டே விட்டேன். "பீச் மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரைக்கும்தான். இது ஜனவரி" என்றார். அவருடைய அம்மாவும் கோடையில் பழத்தைக் கண்ணாடி ஜாடியில் அடைத்துக் கொதிக்கவைத்துப் பரணில் அடுக்கி, குளிர்காலத்தில் திறந்துதான் காப்ளர் செய்வாராம். "துக்கம் சீசன் பார்த்தா வருது?" என்றும் சொன்னார்.

டின் உணவைப் பற்றி வகுப்பில் நான் சொன்னது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். பிரான்சில் நிக்கோலஸ் அப்பேர் என்ற மிட்டாய்க்காரர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, வெந்நீரில் கொதிக்கவைத்தால் கெடாது என்று கண்டுபிடித்தார். 1810-இல் அரசாங்கம் 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. பாஸ்டர் வந்து நுண்ணுயிரிகளைப் பற்றி விளக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. காரணம் தெரியாமலே கை சரியாகச் செய்யும் வேலைகள் உண்டு. அடுப்படி முழுக்க அப்படித்தான்.

இனி செய்முறை. குறித்துக்கொள்ளுங்கள்.

வெண்ணெய் 113 கிராம். இங்கே 'ஒரு ஸ்டிக்' என்பார்கள். செல்ஃப் ரைசிங் மாவு ஒரு கப், பால் ஒரு கப், சர்க்கரை முக்கால் கப். பெரிய பீச் டின் ஒன்று, பாகோடு 822 கிராம். கொஞ்சம் பட்டைத்தூள்.

அவனை 175 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். வெண்ணெயைக் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு உள்ளே வைத்தால் உருகிவிடும். மாவு, சர்க்கரை, பால் மூன்றையும் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து உருகிய வெண்ணெய் மேல் ஊற்றுங்கள். கிண்டக் கூடாது. அதன் மேல் பழத்துண்டுகளைப் பரப்பி, டின்னில் உள்ள பாகில் பாதியை ஊற்றுங்கள். இப்போதும் கிண்டக் கூடாது. பட்டைத்தூளைத் தூவி 45 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை வைத்தால் மேலே பொன்னிறமாகிவிடும். அடியில் ஊற்றிய மாவு பொங்கி, பழத்தைத் தாண்டி மேலே வந்து மூடிக்கொள்ளும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். டின் பழம் ஏற்கெனவே தோல் உரித்து வெந்தது என்பதால் என்னை மாதிரி ஆளுக்கு அதுதான் தோது. பழுத்ததா, காயா என்று பார்க்கும் வேலை இல்லை.

முதல் தடவை எனக்கு மாவு பொங்கவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் பலகை மாதிரி இருந்தது. பேரன் கரண்டியால் தட்டிப் பார்த்து, "தாத்தா, சவுண்டு வருது!" என்றான். என்ன தப்பு என்று அட்டையை மறுபடி படித்தேன். செல்ஃப் ரைசிங் மாவு என்று தெளிவாக எழுதியிருந்தது. அதில் பேக்கிங் பவுடரும் உப்பும் முன்பே கலந்திருக்கும். நான் டப்பாவில் இருந்த சாதா மைதாவைப் போட்டிருக்கிறேன். "கேள்வியை ரெண்டு தடவை படிச்சிட்டுப் பதில் எழுதுடா" என்று உங்களை எத்தனை தடவை அதட்டியிருப்பேன்! இப்போது நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நம் ஊரில் செய்கிறவர்கள் ஒரு கப் மைதாவுக்கு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். பீச் டின் கிடைக்காவிட்டால் அன்னாசி டின் போதும்.

இரண்டாவது தடவை சரியாக வந்தது. எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "வெண்ணெயில் கஞ்சத்தனம் பண்ணவில்லை, நல்லது" என்றார். எனக்குப் பயிற்சிப் பள்ளியில் தேறிய நாள் மாதிரி இருந்தது. பேசிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் சொன்னார். 1870களில் இந்த ஜார்ஜியாவில் சாமுவேல் ரம்ஃப் என்ற விவசாயி ஒரு புது பீச் ரகத்தை உருவாக்கி, அதற்கு 'எல்பர்ட்டா' என்று தன் மனைவியின் பெயரை வைத்தாராம்.

வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் என் மனைவியின் பெயரை எங்கெல்லாம் எழுதியிருக்கிறேன்? ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் எழுதினேன். பென்ஷன் படிவத்தில், எனக்குப் பிறகு வாங்க வேண்டியவர் என்ற இடத்தில் எழுதினேன். நான்தான் முந்திப் போவேன் என்ற நினைப்பு.

அன்று ராத்திரி இன்னொன்றும் உறைத்தது. எதிர்வீட்டு அம்மாவிடம் செய்முறை கேட்கத் தெரிந்த எனக்கு, 38 வருஷம் அடுத்த அறையில் சமைத்தவளிடம் ஒரு தடவைகூட "இதை எப்படிச் செய்யிற?" என்று கேட்கத் தோன்றவில்லை. "உப்புக் கம்மி" என்று மட்டும் சொல்லத் தெரிந்தது. அவளுக்கு அளவெல்லாம் கைதான். எதையும் எழுதி வைக்கவில்லை. டூர் போகும்போது உங்களுக்கு வாழையிலையில் கட்டித் தந்த புளிசாதம், சரஸ்வதி பூஜைச் சுண்டல், மழை நாளில் பிள்ளைகளுக்குப் போட்ட கருப்பட்டிப் பணியாரம், இதில் ஒன்றைக்கூட எனக்குச் செய்யத் தெரியாது.

அதனால் ஒரு வேண்டுகோள். சாயங்கால வகுப்புக்கு வந்துவிட்டு, படிக்காமல் அடுப்படியில் அக்காவோடு நின்று கதை பேசிய ஆட்கள் உங்களில் நிறைய உண்டு. யார் யார் என்று எனக்குத் தெரியும், அப்போதும் தெரியும். புளிசாதத்துக்கு அவள் என்ன வறுத்துப் பொடித்தாள்? பணியாரத்துக்குக் கருப்பட்டியைக் காய்ச்சிச் சேர்த்தாளா, தட்டிப் போட்டாளா? கொழுந்தியாள்மாரும் சொல்லலாம். அளவு தெரியாவிட்டால் பரவாயில்லை, கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். இந்தத் தடவை கேள்வியை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் செய்வேன்.

கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். அந்தக் கண்ணாடிப் பாத்திரம் மறுபடி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. போன சனிக்கிழமை அந்த அம்மா அதில் மக்காச்சோள ரொட்டி வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் சார்