சேத்தியாத்தோப்பு திண்ணையில் ஒரு பவுலிங் பந்து

விக்கிரவாண்டி வழியாகக் கும்பகோணம் போகும் பஸ்ஸில் பண்ருட்டி, நெய்வேலி, வடலூர் எல்லாம் தாண்டினால் சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோடு. இறங்கினால் ஒரு பக்கம் சிதம்பரம், மறுபக்கம் விருத்தாசலம். பக்கத்தில் வெள்ளாறு, கொஞ்சம் தள்ளி வீராணம் ஏரி. எங்கள் ஆயா வீடு இங்கேதான். போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு பவுலிங் பந்தை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

பந்து என் அண்ணனுடையது, பெரியப்பா மகன். சென்னையில் வேலை, மாலையில் பவுலிங். தமிழ்நாட்டின் ஷபீர் தன்கோட் பலமுறை தேசிய சாம்பியன் ஆனதைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட பைத்தியம். இரண்டு மாதம் காசு சேர்த்து, இன்னும் ஓட்டை போடாத 15 பவுண்டு பந்து ஒன்றை வாங்கியிருந்தான். கிட்டத்தட்ட 6.8 கிலோ. "எந்தக் கடைக்குடா திருஷ்டி சுத்தப் போற?" என்றார் ஆயா.

மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. பந்தின் மேல் ஒரு சின்னக் கலர் புள்ளி இருக்கும். அதற்குப் பெயர் 'பின்'. உருண்டு விழும் கட்டைகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்! உள்ளே இருக்கும் கனமான கோரின் உச்சி எங்கே என்று காட்டும் அடையாளம் அது. எடை மையத்திலிருந்து இரண்டு, மூன்று அங்குலத்தில் பின் இருப்பதுதான் வழக்கம். இந்தப் பந்தில் ஐந்து அங்குலம்!

வீசும்போது பந்து எந்த அச்சில் சுழல்கிறதோ, அந்த அச்சு முனைக்கும் பின்னுக்கும் உள்ள தூரம்தான் முக்கியம். சுமார் 3⅜ அங்குலம் வைத்தால் பந்து ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுப் பரப்பில் உருளும். பிடிப்பு கூடி, நன்றாக வளையும். பின்னை அச்சு முனையிலேயே வைத்தாலோ, 6¾ அங்குலம் தள்ளி வைத்தாலோ வளைவு குறையும். அண்ணனுக்கு வேண்டியது நடுவாந்திரம், 4½. அங்கே பின்னை வைத்தால் அது மோதிர விரல் ஓட்டைக்கு மேலே போகிறது. எடை மையம் கட்டைவிரல் பக்கம் இறங்கிவிடுகிறது.

முன்பெல்லாம் கூடுதலாக ஓர் ஓட்டை போட்டு அந்த எடையைச் சரிக்கட்டுவார்கள். 2020 ஆகஸ்ட் முதல் அமெரிக்க பவுலிங் அமைப்பான யுஎஸ்பிசி அதைத் தடை செய்துவிட்டது. பதிலாக 3 அவுன்ஸ், அதாவது 85 கிராம் வரை ஏற்றத்தாழ்வை அனுமதிக்கிறது. அதைத் தாண்டினால் போட்டியில் அந்தப் பந்தை எடுக்க முடியாது.

டெய்லர் டேப்பும் மெழுகு பென்சிலுமாக நாங்கள் கோடு போட்டு அழித்துக்கொண்டிருந்ததைப் பெரியப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷமாக போர்வெல் போடுகிறவர். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்குத் தோண்டப்போய்த்தான் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி தெரியவந்தது என்ற கதையை ஆயிரத்தோராவது முறையாகச் சொன்னார். பிறகு, "பாயின்ட் தப்புனா புழுதிதான் வரும். மூடிட்டு வேற எடத்துல போடலாம், ஆனா காசு போனது போனதுதான். இதுல எப்படிடா?" என்று கேட்டார்.

"இதுலயும் அடைச்சுட்டு மறுபடி போடலாம்ப்பா. அந்தக் காசுக்கு இன்னொரு பழைய பந்தே வாங்கிடலாம்."

"அப்ப மெஷின்ல வைக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை அள."

அளந்தான். முதல் கோடு கால் அங்குலம் தப்பு.

மறுநாள் விடியற்காலை குறுக்கு ரோட்டில் சென்னை பஸ். ஆயா பந்துக்கும் விபூதி பூசியிருந்தார். பென்சில் கோடு அழியாமல் அதைத் துடைப்பதற்குள் அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். கண்டக்டர் ஒரு முறை பார்த்துவிட்டு, "லக்கேஜா?" என்றார்.