நாயைத் தேடுமுன் வீட்டைப் பாருங்கள்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், நமது பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் குருமனைத் தாழ்வாரத்தில் நமக்காகக் காத்திருந்தார். வயது 72. கணவர் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர். புதுச்சேரி வழக்கில் கூறினால் 'சொல்தா'. அவர் இறைவனடி சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆயின. மைந்தர் இருவரும் பிரான்சில். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தெருத் திண்ணையும் நடுமுற்றமும் கொண்ட பழைய ஓட்டு வீட்டில் அம்மையார் தனித்து வாழ்கிறார். முந்திய வாரம் அவர் காலைத் திருப்பலிக்கு வந்திருந்த வேளையில், எவனோ புழக்கடைக் கதவு வழியே புகுந்து, குத்துவிளக்கையும் இரண்டு வெண்கலப் பானைகளையும் கணவரின் படைப் பதக்கத்தையும் எடுத்துச் சென்றுவிட்டான்.

"பானை போகட்டும் சாமி, பதக்கம் போனதுதான் மனசை அறுக்குது. பெரியவன் போன்ல சொல்றான், நல்ல சாதி நாயா ஒண்ணு வாங்கி வாசல்ல கட்டுங்கன்னு. பணம் அனுப்புறானாம். எந்த நாய் வாங்குறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

பிள்ளைக்குப் பெயர் சூட்டவும், பெண்ணுக்கு வரன் பார்க்கவும் பங்குக் குருவை நாடும் மக்கள் நாய்க்காகவும் நாடுவதில் வியப்பில்லை. நாம் நாட்டுப்புறத்தில் நாய்களோடு வளர்ந்தவர் என்பதும் பங்கில் பலர் அறிந்த செய்தி. ஆயினும் அன்று நமக்கு உடனே விடை கூற நாவெழவில்லை. "இரண்டு நாள் பொறுங்கள் அம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். காரணத்தை இங்கே மறைக்காமல் எழுதுவதே முறை.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நாம் இருந்தபோது, புதுவீடு கட்டிய குடும்பத் தலைவர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டார். நாம் சற்றும் யோசியாமல், "இராஜபாளையம் வாங்குங்கள், அதற்கு நிகர் இல்லை" என்றோம். நம் தமிழ் மண்ணின் நாய் அது. பால்போன்ற வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, உயர்ந்த உடல். 2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்குத் தபால்தலை வெளியிட்டபோது அதுவும் இடம்பெற்றது. இவற்றையெல்லாம் பெருமையோடு சொன்னோமேயன்றி, அவர் வீட்டில் நாய்க்கு இடம் எங்கே, அதோடு பழக நேரம் யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர்கள் குட்டியை வாங்கித் தகரக் கொட்டகை ஓரம் இரண்டு முழச் சங்கிலியில் கட்டினார்கள். பகலெல்லாம் வெயில், இரவெல்லாம் தனிமை. தெருவில் போவோர் சிலர் அதைச் சீண்டி விளையாடினர். ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு விடியற்காலை கொக்கி கழன்றது. பள்ளி செல்லுமுன் பத்திரிகை போடும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், நமது பீடத்தில் உதவி செய்பவன், வாயிற்படியில் கால் வைத்தான். நாய் அவன் கெண்டைக்காலைக் கவ்விக் கிழித்துவிட்டது.

மருத்துவமனையில் அவனருகே நாம் அமர்ந்திருந்தோம். "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களா சாமி?" என்பதே அவனுடைய பெரிய அச்சம். நம் இளமையில் அப்படித்தான் இருந்தது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அப்பழைய மருந்தை நம் நாடு 2004-ஆம் ஆண்டோடு கைவிட்டது என்றும், இப்போது ஊசி கையில்தான் என்றும் கூறித் தேற்றினோம். ஆனால் அந்த நாயைத் தேர்ந்தவர் நாமே என்பதை மட்டும் கூறவில்லை. அவன் தேறி வந்து மீண்டும் பீடத்தில் மணி அடித்தான். நாமும் மறந்தவர் போல் இருந்துவிட்டோம்.

சென்ற ஆண்டு அவன் திருமண அழைப்போடு வந்தான். மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தாயிற்று என்றான். அன்று நாம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவன் சிரித்துவிட்டு, "அது போகட்டும் சாமி, அந்த நாய் அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

நமக்குத் தெரியும். கடித்த பத்தாம் நாளைக்குப் பிறகு, அது வெறிநாயன்று எனத் தெளிந்ததும், அவ்வீட்டார் அதை இரவோடு இரவாக வண்டியில் ஏற்றித் திண்டிவனம் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டு வந்தார்கள். செய்தி கேட்டபோது 'தொல்லை ஒழிந்தது' என்றே எண்ணினோம். கடிபட்டவனுக்குத் தோன்றிய கேள்வி, அறிவுரை கூறிய நமக்குப் பதினைந்து ஆண்டுகளாகத் தோன்றவில்லை.

அந்த நினைவோடுதான் மூதாட்டியின் வீட்டிற்குச் சென்றோம். நாயைப் பற்றிப் பேசுமுன் வீட்டைப் பார்த்தோம். புழக்கடைக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து, ஓர் உதைக்குத் தாங்காததாய் இருந்தது. பின்சந்தில் விளக்கு இல்லை. தினமும் ஒரே நேரத்தில் வீடு பூட்டிக் கிடக்கும் என்பது தெருவே அறிந்தது. இந்தக் குறைகளை எந்தச் சாதி நாயாலும் நீக்க முடியாது. மகன் அனுப்பிய பணத்தில் முதலில் கதவுக்கு இரும்புக் குறுக்குச் சட்டமும் சந்துக்கு விளக்கும் பொருத்தச் செய்தோம்.

பிறகு நாயைப் பற்றிப் பேசினோம். நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கே குறிப்பிடுகிறோம்.

முதலாவது, ஒவ்வோர் இனத்திற்கும் ஒரு தொழிலும் ஒரு குணமும் உண்டு. இராஜபாளையம் தன் வீட்டாரிடம் உயிராய் இருக்கும். அந்நியரை எளிதில் நம்பாது. வெண்ணிறக் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவையாய் இருப்பதுண்டு; ஆதலின் குட்டியின் பின்னே நின்று கைதட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். தேனிப் பக்கத்துக் கோம்பை நாய் கருமுகமும் செம்பழுப்பு உடலும் கொண்டது. காட்டுப்பன்றி வேட்டைக்குப் பெயர் பெற்றது. துணிவும் முரட்டுத்தனமும் மிக்கது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்த வளர்ந்த மெலிந்த ஓட்டக்கார நாய்கள். அவற்றுக்கு ஓடுவதற்கு வெளி வேண்டும். தோட்டமும் வயலும் உள்ள வீட்டில் இவை அழகாய் வாழும். நம் நகரத்து நான்கு முழ முற்றத்தில் அடைத்தால் நாயும் கெடும், வீடும் கெடும்.

இரண்டாவது, வெளிநாட்டுப் பெருநாய்களின் மோகம். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வீலர் நாய்கள் குதறிய செய்தியை நாம் மறக்கலாகாது. பெருநாயை வாங்கப் பணம் போதும். அதைப் பிடித்து நிறுத்தக் கையில் வலிவும் நாளும் பழக்கப் பொறுமையும் வேண்டும். 40 கிலோ நாய் ஒருமுறை இழுத்தால் 72 வயது அம்மையார் எங்கே விழுவார்?

மூன்றாவது, ஆண்டுக் கணக்கு. நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். குட்டியை வாங்கும் முதியவர், தமக்குப் பின் அதற்கு யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குட்டியாகவே வாங்குவதென்றால், எட்டு வாரத்திற்கு முன் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. முதல் மூன்று நான்கு மாதங்களில் மனிதரோடும் குழந்தைகளோடும் தெருவோசைகளோடும் நயமாகப் பழகிய நாயே பின்னர் நிதானமாய் இருக்கும். கொடுமையாய் வளர்த்தால் நல்ல காவலாகும் என்பது பேதைமை. அச்சத்தில் வளர்ந்த நாய் திருடனையும் கடிக்கும், பால்காரரையும் கடிக்கும்.

நான்காவது, சங்கிலி. நியாயமற்ற நேரத்திற்குக் குட்டையான, கனமான சங்கிலியில் விலங்கைக் கட்டிவைப்பதும், கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாதிருப்பதும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாம் இதைத் தாமதமாகவே அறிந்தோம்.

ஐந்தாவது, தடுப்பூசி. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, அதன்பின் மருத்துவர் சொல்லும் கணக்கில் ஆண்டுதோறும். நம் ஊர்க் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்வி நிலையமும் அதன் மருத்துவமனையும் இருக்கையில், எட்டாத காரியம் என்று எவரும் கூற இயலாது. எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சளும் மிளகாயும் சுண்ணாம்பும் அப்பவேண்டாம். நோய் தலைகாட்டிய பின் பிழைப்பது மிக மிக அரிது. முன்கூட்டி ஊசி போட்டால் ஏறத்தாழ முற்றிலும் தடுக்கலாம். 1885 ஜூலை 6 அன்று பாரிசில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப்பு மைஸ்தருக்கு இம்மருந்தை அளித்துக் காத்த நாள்முதல் உலகம் அறிந்த உண்மை இது. நம் அண்டையில் குன்னூரிலே 1907 முதல் அவர் பெயரால் ஒரு நிலையம் இயங்கி வருகிறது.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு அம்மையார், "அப்போ நாயே வேணாம்னு சொல்றீங்களா சாமி?" என்றார்.

இல்லை. தோபித்து ஆகமத்தில் இளைஞன் தோபியா வானதூதரோடு வழிநடந்தபோது அவன் நாயும் உடன் சென்றதல்லவா? தூரின் நகரின் இருண்ட தெருக்களில் புனித தொன் போஸ்கோவைக் கொலைஞரிடமிருந்து காத்த சாம்பல்நிறக் 'கிரிஜியோ'வை நம் பிள்ளைகள் கதையாய் அறிவர். அந்த நாய் யாருடையது, என்ன சாதி என்று எவருக்கும் தெரியாது.

நாய் வேண்டும், ஆனால் நாய் ஒரு மணி. மணி அடித்தால் வருவதற்கு ஆள் வேண்டும். அம்மையார் வீட்டு மணி அடித்தால் யார் வருவார்? அடுத்த வீட்டார்தாம். அவ்வீட்டாரோடோ, கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழுவது என்ற வழக்கில் மூன்று ஆண்டுகளாகப் பேச்சு இல்லை! அவர்கள் இந்து சமயத்தார், நல்ல மனிதர். நாமே அம்மையாரை அழைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினோம். "நாய் வளர்க்கலாம்னு இருக்கோம், இராத்திரியில குரைச்சா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமா?" என்று அம்மையார் கேட்டார். அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்காரர் சற்று நேரம் அவரைப் பார்த்துவிட்டு, "குரைக்கத்தானே அம்மா நாய்" என்றார். அவர் மகள், அம்மையார் வேளாங்கண்ணி போகும் நாட்களில் தானே சோறு வைப்பதாக ஒப்புக்கொண்டாள்.

நாயும் பிறகு எளிதில் கிடைத்தது. நமது பங்கில் ஒரு குடும்பம் அயல்நாடு குடியேறவிருந்தது. அவர்களிடம் மூன்று வயதுப் பெண் நாய் ஒன்று, தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாய், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தது, எடை 14 கிலோ, பெயர் ரோசி. அம்மையார் மூன்று மாலை அங்கே சென்று அதனோடு பழகினார். நான்காம் மாலை அது தானாகவே அவர் பின்னே நடந்து வந்தது. மகனுக்கு ஏமாற்றந்தான். "இதுவா சாதி நாய்?" என்று தொலைபேசியில் கேட்டானாம்.

ஐப்பசி மழையில் ஓர் இரவு, இரண்டு மணியளவில், ரோசி ஓயாமல் குரைத்தது. அடுத்த வீட்டுக்காரர் விளக்கோடு வந்து பார்த்தார். திருடன் எவனும் இல்லை. முற்றத்தில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல், நனைந்தபடி அம்மையார் கிடந்தார். அவ்வீட்டாரே தூக்கி மருத்துவமனை சேர்த்தனர். இடுப்பெலும்பில் கீறல், ஆறு வாரத்தில் நடமாடத் தொடங்கிவிட்டார். பதக்கம் இன்றுவரை கிடைக்கவில்லை. கூரைத் தண்ணீரும் விழுந்த இடத்திலேயே விழுகிறது. ஆனால் அதைப் பற்றி இப்போது எவரும் பேசுவதில்லை.

வீடு மந்திரிக்க அழைக்கும் குடும்பங்கள் நம்மைச் சற்றே பொறுத்துக்கொள்ள வேண்டும். தீர்த்தம் தெளிக்க அறை அறையாய்ச் செல்லும்போது, புழக்கடையில் நாய் கட்டியிருந்தால், நமது கண் முதலில் அதன் சங்கிலியின் நீளத்தை அளக்கிறது. அதன் தண்ணீர்ச் சட்டியை எட்டிப் பார்க்கிறது. 'இந்தச் சாமிக்கு இதில் என்ன?' என்று சிலர் எண்ணக்கூடும். நெடுஞ்சாலையில் இறக்கிவிடப்பட்ட அந்த வெள்ளை நாய்க்கு நாம் பட்ட கடன் அது.