காலி என்று காட்டும் டிஸ்க்

கணினியில் போட்டதும் ‘காலி’ என்று காட்டுகிற டிஸ்க்கை யாராவது குப்பையில் போடப் போனால் நான் கையைப் பிடித்துத் தடுப்பேன். அதைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உள்விளிம்பை ஒட்டி ஒரு வளையம் சற்றே நிறம் மாறித் தெரிந்தால், லேசர் அங்கே எழுதியிருக்கிறது என்று பொருள்.

எங்கள் பெரியப்பா மஸ்கட்டில் இருந்தவர். 2006இல் ஊருக்கு வந்தபோது, 8 செ.மீ. குட்டி டிவிடியிலேயே நேராகப் பதியும் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு டிஸ்க்குக்கு 1.4 ஜிபி, சாதாரணத் தரத்தில் சுமார் 30 நிமிடம் பிடிக்கும். ஆச்சி முறுக்கு சுற்றியது, தம்பிக்குக் காது குத்தியது, கோயில் கொடை எல்லாம் எடுத்தார். கேமராவை டிவியோடு இணைத்துப் பார்த்தோம். பின்னால் கேமரா கெட்டுப்போனது. ஆச்சியும் தவறிவிட்டார். பீரோவில் தங்கிய டிஸ்க்குகள் எந்தப் பிளேயரிலும் ஓடவில்லை.

பதிவு முடிந்ததும் ‘ஃபைனலைஸ்’ செய்தால்தான் எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்ற விவரம் டிஸ்க்கில் ஏறும். எங்கள் வீட்டில் அதை யாரும் அறிந்திருக்கவில்லை. பொருளடக்கம் அச்சாகாத புத்தகம் மாதிரி, கதை மட்டும் முழுசாக உள்ளே இருக்கிறது. டிவிடி எழுதும் ட்ரைவ்கள் சிலவற்றுக்கு, பதிவு எதுவரை போயிருக்கிறது என்ற குறிப்பைப் படிக்கத் தெரியும். ஒரு ட்ரைவ் கைவிட்டதை வேறொன்று படித்துவிடுவது இதனால்தான். ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள், 2048 பைட் அளவுள்ள செக்டர்களைத் துழாவி வீடியோத் துண்டுகளைப் பொறுக்கி எடுக்கும். இடையில் கணினி ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்று கேட்டால், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

ஃபைனலைஸ் செய்தும் திக்கித் திக்கி நிற்கும் கல்யாண டிவிடிகளின் நோய் வேறு. கடையில் விற்ற சினிமா டிவிடியில் குழிகள் அச்சில் அழுத்தப்பட்டவை. வீட்டிலும் ஸ்டூடியோவிலும் எழுதியதில் இருப்பதோ, இரண்டு 0.6 மி.மீ. பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே ஒரு சாயப்பூச்சு. வெயிலும் வெக்கையும் அதை மங்கவைக்கும். இதற்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் உண்டு. சுலபமாகப் படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துப் பிறகு திரும்பி வரும். வேறு ட்ரைவில் போட்டால் விட்டுப்போன இடங்களை மட்டும் நிரப்பும். இத்தனை பொறுமையோடு இதை எழுதி எல்லோருக்கும் கொடுத்தவருக்கு நன்றி சொல்ல ஆசை.

துடைப்பதாக இருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்து விழும் கீறல், பதிவு ஓடும் வழியிலேயே நீளும். பிழை திருத்தும் கணக்கு அதற்கு ஈடுகொடுக்காது. பற்பசை வைத்தியம் வேண்டாம். சாயம் மங்கியதற்கு அது எதுவும் செய்யாது.

கிடைக்கும் படம் முழுசாக இருக்காது. எம்பெக்-2 முறையில் அரை நொடிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் முழுப்படம் வரும். மற்றவை அக்கம்பக்கத்துப் படங்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டுமே சொல்லும். அதனால் நாங்கள் மீட்ட முறுக்கு டிஸ்க்கில் ஆச்சியின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறி, அடுத்த முழுப்படத்தில் சேர்ந்துகொள்கிறது. ஒலி தனிப் பொட்டலங்களாகப் போவதால் குரல் பெரும்பாலும் தப்பியிருக்கிறது. “எய்யா, பொட்டியத் தள்ளி வையி, எண்ணெ தெறிக்கும்” என்று பெரியப்பாவை விரட்டுகிறார். நான் மறந்தேபோயிருந்த குரல். பெரியப்பா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

பெரும்பாலான புது மடிக்கணினிகளில் டிவிடி ட்ரைவே வருவதில்லை, சாயமும் காத்திருக்காது. எடுத்தவற்றை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றி, ஒன்றை மதுரையில் அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன். கோயில் கொடை டிஸ்க்தான் இன்னும் பிடிகொடுக்கவில்லை. பெரியப்பா மகனிடம் பழைய கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. அதன் ட்ரைவைக் கழற்றி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.